எழுபத்தைந்து ஓம்

தலைமை அலுவலகம் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறது.
நூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
லைன்மேன்களுக்குப் புரிகிற தமிழில்
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி சாலை,
சிமெண்டுக் கடைக்கு மேலே எங்கள் கண்ட்ரோல் ரூம்.
மொட்டைமாடியில் மூன்று குடைகள்
ஏறக்குறைய உச்சியைப் பார்த்து மல்லாந்திருக்கின்றன.
ஏற்றக்கோணம்: எழுபத்தைந்து பாகை, என்று எழுதினேன்.
"கழுத்து வலிக்கிற வரைக்கும்" என்றார் திம்மராயப்பா.
அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

எல்என்பிக்கு நான் யோசித்தது
குறையிரைச்சல் அலைமாற்றி.
அவருக்கு அது மூக்கு.
"மூக்குல தண்ணி பூந்தா முப்பது சேனல் போச்சு."

முனைவாக்கம், கிடை, செங்குத்து:
"படுத்தது, நின்னது.
நம்ம குடையில படுத்ததுல தெலுங்கு, நின்னதுல கன்னடம்.
தமிழ் ரெண்டுலயும் கெடக்குது."

முன்னோக்கிய பிழைத்திருத்தம்
என்று எழுதிவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது.
வழியில் கொஞ்சம் கெடும் என்று தெரிந்தே
கூடுதலாக அனுப்பிவைப்பது என்று விளக்கினேன்.
"ஆறு பேருக்கு ஏழு உருண்டை களி" என்றார்,
பீடியைப் பற்றவைத்தபடி.

அடுத்த சொல் தடம்.
சுவரில் செயற்கைக்கோளின் தடம் ஒட்டியிருக்கிறது,
வரைபடத்தின் மேல் வளையம் வளையமாக.
நடுவில் பலம், விளிம்பில் மெலிவு.
எங்கள் ஊர் இரண்டாவது வளையத்தில்.

அப்போதுதான் நொகனூரிலிருந்து கெம்பம்மா.
டிவி இல்லை என்றாள்.
கட்டம் கட்டமா வருதா, கறுப்பா நிக்குதா?
"கம்பியே இல்லம்மா. ஆனை எடுத்துப்போச்சு."

ராகி பால்பிடித்த கொல்லை.
நாற்பது மீட்டர் கேபிள்
வரப்பைத் தாண்டி இழுபட்டு,
ஆம்ப்ளிஃபயர் சேற்றில் குப்புறக் கிடந்தது.
பக்கத்தில் ஒரு காலடி, சின்ன முறத்தளவு,
இரவு மழைத்தண்ணீர் நிரம்பி.
திம்மராயப்பா அதன் ஓரத்தில்
தன் ரப்பர் செருப்பை வைத்துப் பார்த்தார்.
"இதுக்கு என்னன்னு எழுதியிருக்கே?"

நடுவில் பயிரே இல்லை.
தள்ளிப்போகப் போக ஒடிந்த தாள்.
அதற்கும் வெளியே சாய்ந்தது மட்டும்.
அதற்கும் வெளியே
சும்மா குரைத்துக்கொண்டிருந்த நாய்.
நான் எதுவும் சொல்லவில்லை.

கம்பத்தில் நாலு வாய் கொண்ட டேப்.
ஒன்று கெம்பம்மாவுக்கு, ஒன்று அப்சர் பாய்க்கு,
ஒன்று சிக்கண்ணா டீக்கடைக்கு.
நாலாவது ருத்ரப்பா வீடு.
அத்திப்பள்ளிக் கம்பெனிக்குப் போய் எட்டு மாதம்.
ஆனை பிடுங்கியதில் அந்த வாய் திறந்து நின்றது.
அவர் சட்டைப் பையிலிருந்து
விரல்நுனியளவு மூடி ஒன்றை எடுத்துத் திருகினார்.

அங்கேதான் யாருமில்லையே?

"அதனாலதான்.
திறந்து விட்டா போன சிக்னல் இடிச்சுத் திரும்பும்.
பக்கத்து வீட்டுப் படத்தைக் கெடுக்கும்.
இதுக்குள்ள எழுபத்தஞ்சு ஓம் இருக்கு.
ஒரு வீடு இருக்குன்னு லைன் நெனச்சுக்கும்."

அந்த எழுபத்தைந்துக்கும் இந்த எழுபத்தைந்துக்கும்
சம்பந்தமில்லை. இருந்தாலும்
கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.

படம் வந்தது.
கெம்பம்மா திரையின் பக்கம் திரும்பவில்லை.
வாசலில் நின்று
எத்தனை மூட்டை போனது என்று
விரல்விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:
"இப்ப ஆனை எங்க நிக்குதுன்னு
எந்த சேனல்ல சொல்லுவான்?"

முன்னூற்று எழுபது சேனல் தருகிறோம்.
திம்மராயப்பா வண்டியை உதைத்தார்.
இரண்டாவது உதையில் கிளம்பியது.

இரவு, தொண்ணூற்றேழாவது சொல்.
முடிப்பான் என்று எழுதி அடித்தேன்.
இறுதித்தடை, அதையும் அடித்தேன்.
ஆளில்லாத வீட்டுக்கு, ஆள் இருப்பதாக.
கட்டாயம் போடவும்.

இன்னும் பதினைந்து சொல் இருக்கிறது.
நாளை வெள்ளி.